மூன்று மீட்டர் பாதையில் ஒரு நாயும் ஒரு சைக்கிளும்

காலை ஆறரை மணி இருக்கும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் வயதான ஒரு தம்பதி, அவர்களோடு பழுப்பு நிறத்தில் ஒரு நாய். நல்ல பிள்ளையாக மணி அடித்தேன். கணவர் இடது ஓரம் ஒதுங்கினார், மனைவி வலது ஓரம் ஒதுங்கினார். வழி கிடைத்துவிட்டது என்று பெடலை அழுத்தினேன். நாய் மட்டும் ஒதுங்கவில்லை. இடது ஓரத்துக் கம்பம் ஒன்றை அது மும்முரமாக முகர்ந்துகொண்டிருந்தது. அதன் கயிற்றின் மறுமுனை வலது ஓரத்தில் நின்ற அந்த அம்மாவின் கையில். இழுத்தால் நீளும் வகைக் கயிறு; தடிமன் ஒரு செருப்பு வாரளவுகூட இல்லை. முழங்கால் உயரத்தில் பாதையைக் குறுக்கே கட்டியதுபோல் அது நின்றதை நான் பார்த்தபோது பிரேக்கைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முன் சக்கரம் கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

யாரும் விழவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் கோபம். "கொஞ்சம் மெதுவா வரக் கூடாதா தம்பி?" என்றார் அவர். "பெல் அடிச்சேனே சார்" என்றேன் நான். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்வரை தப்பு முழுக்க அவர்களுடையது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒரு நாய் வந்தது. அதே பாதையில் அதைக் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே, சைக்கிள்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் திமிர் பிடித்தவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஆள் ஒருவன்தான், கையில் ஹேண்டில்பார் இருக்கிறதா கயிறு இருக்கிறதா என்பதைப் பொறுத்து நியாயம் மாறிவிடுகிறது. யார் பண்பில்லாதவர் என்று தேடுவதை அதற்கப்புறம் விட்டுவிட்டு, யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். இந்தச் சண்டையில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடுகிறது.

முதலில் சைக்கிள். ஹேண்டில்பாரின் அகலம் முக்கால் மீட்டருக்குள்தான் இருக்கும். ஓடும்போது இருபுறமும் லேசாக ஆடும் என்பதால், பாதை வடிவமைப்பவர்கள் ஒரு சைக்கிளுக்கு ஒரு மீட்டர் அகலம் என்று கணக்கு வைப்பார்கள். இது அகலம் மட்டும். நீளம்தான் கண்ணுக்குத் தெரியாத சங்கதி. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு, புரிந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் அந்த 7 மீட்டர் அதிலேயே போய்விடும். உலர்ந்த தரையில், பதறாமல், வினாடிக்கு 3 மீட்டர் என்ற அளவு வேகம் ஒவ்வொரு வினாடியும் குறையும்படி பிரேக் பிடித்தால் நிற்பதற்கு இன்னும் 8 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 15 மீட்டர். அதே ஆள் 15 கி.மீ. வேகத்தில் வந்தால் 7 மீட்டரில் நின்றுவிடலாம், 10 கி.மீ. என்றால் 4 மீட்டரே போதும். மணல் சிதறிய பாதை, நனைந்த இலைகள் என்றால் இந்தக் கணக்கு எல்லாமே நீளும். சுருக்கமாகச் சொன்னால், 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் தனக்கு முன்னால் 15 மீட்டர் நீளமான ஒரு கண்ணாடிப் பலகையைத் தள்ளிக்கொண்டே போகிறார். அதற்குள் திடீரென எது நுழைந்தாலும் அவரால் நிற்க முடியாது. இதில் மின்சார சைக்கிள் ஒரு புதிய சிக்கல். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சாதாரண மின்சார சைக்கிளின் மோட்டார் 25 கி.மீ. வேகம்வரை உதவலாம். முன்பெல்லாம் நன்றாகப் பழகியவர்கள் மட்டுமே தொடர்ந்து ஓட்டிய வேகம் இது. இப்போது நேற்று சைக்கிள் வாங்கியவருக்கும் அது கிடைக்கிறது, பழக்கம் மட்டும் கூடவே வருவதில்லை.

"பிரேக் எதுக்கு, ஒடிச்சு விலகிப் போயிடலாமே" என்று ஓட்டுபவர்கள் நினைப்பதுண்டு. சைக்கிளை வலது பக்கம் திருப்ப வேண்டுமானால் உடல் முதலில் வலது பக்கம் சாய வேண்டும். அந்தச் சாய்வு வர, முன் சக்கரத்தை ஒரு நொடி இடது பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். ஓட்டுகிற எல்லாரும் இதை அறியாமலேயே செய்கிறோம். அதாவது நாயிடமிருந்து விலக, ஒரு கணம் நாயை நோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நிதானமாக விலகும்போது இது தெரியாது. கடைசி ஒன்றரை மீட்டரில் ஒடிக்கும்போதுதான் தெரியும். இன்னொன்று: வேகத்தை மிகவும் குறைத்தாலும் பிரச்சினை உண்டு. நடைவேகத்துக்குப் பக்கத்தில் வரும்போது சைக்கிள் தள்ளாடத் தொடங்கி, அகலமாக இடம் கேட்கும். அந்த நிலையில் நெளிந்து நெளிந்து நுழைவதைவிடக் காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடுவது எவ்வளவோ மேல். இதில் எந்த அவமானமும் இல்லை என்று சொல்வது எளிது. எனக்கே இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது கயிற்றுக்கு வருவோம். நாயைப் பிடித்திருப்பவர் பிடித்துக்கொள்ளும் இடம் ஒரு வட்டம். அவர் மையம், கயிறு ஆரம். 5 மீட்டர் நீளும் கயிறு என்றால் வட்டத்தின் குறுக்களவு 10 மீட்டர். பாதையின் அகலமோ பெரும்பாலும் 3 மீட்டர்தான். இங்கிலாந்தில் 2020-இல் வந்த சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டி, பொதுப் பாதைக்கு மணிக்கு 300 சைக்கிள்கள்வரை 3 மீட்டர் அகலமும், அதற்கு மேல் போனால் 4.5 மீட்டரும் வேண்டும் என்கிறது. அந்த 4.5 மீட்டரும் நீளும் கயிற்றுக்கு முன்னால் எம்மாத்திரம்? ஒன்றரை மீட்டர் கயிற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டம் சரியாக 3 மீட்டர். பாதையின் நடுவில் நின்றால் குட்டைக் கயிறும் பாதை முழுவதையும் நிரப்பிவிடும். அதே கயிற்றோடு ஓரத்தில் நின்றால் பாதிப் பாதை காலி. ஓரத்தில் நின்று, கயிற்றைக் கையில் சுருட்டி அரை மீட்டராக்கி, நாயை வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய முழுப் பாதையும் காலி. நீளத்தைவிட நிற்கும் இடம் முக்கியம் என்பது எனக்கு நடந்து பழகித்தான் புரிந்தது. நாய் எந்தப் பக்கம் என்பதும் அப்படித்தான். சைக்கிள் போகும் பக்கத்தில் நாய் இருந்தால் இடையில் வெறும் காற்றுதான். வெளிப்பக்கம் இருந்தால் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இழுத்தால் நீளும் கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1908-லேயே நியூயார்க்கில் மேரி டிலேனி என்ற பெண்மணி இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். திறந்த புல்வெளியில் அருமையான சாமான். பொதுப் பாதையில் அதற்கு மூன்று குறைகள் உண்டு. மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரியாது. சைக்கிளில் இருந்து பார்ப்பவருக்கு ஓர் ஆளும், ஐந்து மீட்டர் தள்ளி அவருக்குச் சம்பந்தமே இல்லாதது போல ஒரு நாயும்தான் தெரியும். அடுத்தது, பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நாய் இருக்கிற இடத்திலேயே நிற்கும், திரும்பி வராது. பாதையின் நடுவில் நிற்கும் நாயை அங்கேயே பூட்டிவைப்பதால் என்ன பயன்? மூன்றாவது, அவசரத்தில் ஆட்கள் நூலையே கையால் பிடித்துவிடுவார்கள். ஓடும் நாயின் வேகத்தில் உருவிக்கொண்டு போகும் நூல் விரலைக் கிழித்துவிடும். விரல் துண்டான சம்பவங்களும் உண்டு. எந்தக் கயிறாக இருந்தாலும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது கூடாது. சைக்கிள் சக்கரத்தில் கயிறு மாட்டினால் நாயோடு சேர்த்து உங்களையும் இழுத்துக்கொண்டுதான் போகும். பிடியைச் சட்டென விட முடிய வேண்டும்.

இதுவரை பேசியது இரண்டு மனிதர்களின் கணக்கு. நாயின் கணக்கு வேறு.

நாய்க்குப் பாதை என்று ஒன்று கிடையாது. நடுவில் போட்ட வெள்ளைக் கோடும், நீல வட்டத்தில் வரைந்த சைக்கிள் படமும் அதற்கு ஒன்றுமே இல்லை. அது வாசனையால் வாழ்கிறது. மனிதனின் மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் என்று சொல்வார்கள். கம்பத்தின் அடியில் அது மும்முரமாக இருக்கும்போது நாம் கூப்பிட்டாலும் காதில் ஏறாததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. கண்ணும் நம் கண் போன்றதல்ல. நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும். சிவப்பும் பச்சையும் பிரியாது. ஆகவே சைக்கிள்காரரின் பளிச்சென்ற சிவப்புச் சட்டை மனிதர்களுக்கு உதவும், நாய்க்கு அது புல்லோடு புல்லாகக் கலந்த மங்கல் நிறம். நுணுக்கமான விவரமும் நாய்க்கு நம்மளவு தெரியாது. ஆனால் அசைவு என்றால் பிரமாதமாகத் தெரியும். பக்கவாட்டில் நம்மைவிட அகலமாகவும் பார்க்கும். நின்றுகொண்டிருக்கும் சைக்கிளை ஏறெடுத்தும் பார்க்காத நாய், அதே சைக்கிள் ஓரக்கண்ணில் சர்ரென்று ஓடியதும் துள்ளிவிடுவது இதனால்தான்.

காது விஷயத்தில் நாம் அதற்குப் பக்கத்திலேயே வர முடியாது. எவ்வளவு கீச்சென்ற சத்தம்வரை கேட்கும் என்பதில் மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு அத்தனை அதிர்வுகள். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். பெடலை நிறுத்தியதும் பின் சக்கரத்தில் வருமே அந்தக் கிடுகிடு சத்தம், அது நமக்குப் பூச்சி ரீங்காரம் மாதிரி. நாய் அதைத் தொலைவிலேயே பிடித்துவிடும். அதனால் பல நேரங்களில் பின்னால் சைக்கிள் வருவதை முதலில் சொல்வது நாயின் காதுதான். எங்கள் நாய் இடது காதை மட்டும் பின்னால் திருப்பினால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். பத்துக்கு எட்டுமுறை யாராவது வந்துகொண்டிருப்பார்கள். வயதான நாய்களிடம் மட்டும் இதை நம்ப முடியாது. காது மந்தமாகியிருக்கும், வருடிக்கொண்டு போகும் காற்றில்தான் அது திடுக்கிடும்.

அடுத்தது துரத்தல். சைக்கிள் ஓட்டுபவர்கள் மிகவும் பயப்படுவது இதற்கு. அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் நாய்களின் வேட்டைப் பழக்கத்தை ஒரு தொடராக விளக்கினார்கள்: கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. ஓநாயிடம் இது முழுத் தொடர். மனிதன் வேலைக்கேற்ப வளர்த்த இனங்களில் சில படிகள் பெருகியும் சில மங்கியும் போயிருக்கின்றன. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி இனத்தில் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் உச்சத்தில் இருக்கும், கடிப்பது அடங்கியிருக்கும். அந்த நாய்க்குப் பாதையில் ஓடும் சைக்கிள் என்பது மந்தையை விட்டுப் பிரிந்து ஓடும் ஆடு மாதிரி. சக்கரத்தின் பக்கம் வளைந்து வந்து அதை மடக்கப் பார்க்கும். கோபமே இல்லாமல், வேலை செய்கிற மகிழ்ச்சியோடு ஒரு நாய் உங்களைக் கீழே தள்ளிவிட முடியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சைக்கிளைப் பார்த்து நாய் குரைக்கிறது, சைக்கிள் போய்விடுகிறது. அது எப்படியும் போயிருக்கும், வேலைக்குப் போகிற ஆள் பாவம். ஆனால் நாயின் கணக்கில் தான் குரைத்ததால்தான் அது ஓடியது. ஒரு நாளைக்கு இருபது சைக்கிள், இருபது வெற்றி! ஒரு மாதத்தில் இந்தப் பழக்கம் எவ்வளவு உறுதியாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "எங்க நாய் முன்னெல்லாம் இப்படி இல்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை.

ஆகவே மணிச் சத்தம் நாய் வைத்திருப்பவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. கணக்குப் போடலாம். நாய் முகர்வதற்காக நின்றிருக்கிறார் ஒருவர். பின்னால் 20 கி.மீ. வேகத்தில் சைக்கிள் வருகிறது, அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். 5 மீட்டர் தொலைவில் மணி அடித்தால் ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே இருக்கிறது. அதற்குள் அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, திடுக்கிடுவது. திடுக்கிட்டால் கயிறு வெட்டி இழுபடும். நாயும் ஏதோ ஆபத்து என்று நினைத்துத் திரும்பும். 30 மீட்டரில் அடித்தால் ஐந்து வினாடிக்குமேல் கிடைக்கிறது. சத்தத்தைக் கேட்டு, திரும்பிப் பார்த்து, கயிற்றைச் சுருட்டி, நாயைக் காலோரம் கொண்டுவர எனக்குச் சரியாக அவ்வளவு நேரம்தான் ஆகிறது. வீட்டு வாசலிலேயே நேரம் பார்த்திருக்கிறேன். முதல் மணிக்கு யாரும் அசையவில்லை என்றால் காதில் ஏதோ மாட்டியிருக்கிறார், அல்லது காது கேட்காதவர், அல்லது எதிர்க்காற்று. இரண்டாவது மணியைக் கோபமாக அடிப்பதற்கு முன் வேகத்தைக் குறைக்கலாம்.

குரல் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் "வலது பக்கம்!" என்று கத்துவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கேட்பவருக்குக் காதில் விழுவது 'வலது' என்ற சொல் மட்டும். பாதிப் பேர் நேராக வலது பக்கமே நகர்ந்துவிடுவார்கள். "சைக்கிள் வருது" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். கூட்டமாகப் போகிறவர்கள் முதல் ஆள் கடக்கும்போதே "பின்னால் இன்னும் மூணு பேர்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சைக்கிள் போனதும் நாய் வைத்திருப்பவர் கயிற்றைத் தளர்த்திவிடுவார். விபத்து பெரும்பாலும் இரண்டாவது சைக்கிளுக்குக் காத்திருக்கும். ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போனால் அடுத்த முறை அதே ஆள் முன்கூட்டியே ஒதுங்கி நிற்பார். இதை நான் பலமுறை பார்த்தாயிற்று.

ஆரம்பத்தில் சொன்ன தம்பதிக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்தது கவனக்குறைவு என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். மணி அடித்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவது மனிதர்களுக்கு வரும் முதல் எண்ணம். நடுவில் வழி விடுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு செய்வது. கயிறு ஒருவர் கையிலும் நாய் மற்றவர் பக்கத்திலும் இருக்கும்போது அந்த நல்லெண்ணமே வலை விரித்துவிடுகிறது. இருவர் சேர்ந்து நாயோடு நடந்தால் ஒரு சின்ன ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம்: நாய் எந்தப் பக்கமோ இருவரும் அந்தப் பக்கம். எனக்கும் ஒரு பாடம் அதில் இருந்தது. ஆட்கள் ஒதுங்கியதை மட்டும் பார்த்தேன், நாயைத் தேடவில்லை. இப்போதெல்லாம் நாய் எங்கே, கயிற்றைப் பிடித்திருக்கும் கை எங்கே என்று இரண்டையும் கண்ணால் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் பெடலை அழுத்துகிறேன். கயிறு தெரியவில்லை என்றால் கயிறே இல்லை என்று பொருளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் போக்கு ஒன்றுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தந்தபோதே, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தது. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பில் 56-ஆம் விதி, சைக்கிளோடு பகிரும் பாதையில் நாயைக் குட்டைக் கயிற்றில் வைத்திருக்கச் சொல்கிறது. அதே தொகுப்பின் 63-ஆம் விதி, நடப்பவர்களை நெருக்கமாகவோ வேகமாகவோ, குறிப்பாகப் பின்னாலிருந்து, கடக்கக் கூடாது என்று சைக்கிள்காரர்களுக்குச் சொல்கிறது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது இன்னொரு கொள்கையும் அதில் சேர்ந்தது: அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கு அதிகப் பொறுப்பு. ஜெர்மனியில் நீல வட்டப் பலகை இரண்டு வகை. நடப்பவர் படத்துக்கும் சைக்கிள் படத்துக்கும் இடையே செங்குத்துக் கோடு இருந்தால் ஆளுக்கொரு பகுதி. கிடைக்கோடு இருந்தால் முழுப் பாதையும் பொது, தேவைப்பட்டால் சைக்கிள்காரர்தான் நடப்பவர் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். அதே சமயம் அங்குள்ள குடிமைச் சட்டத்தின் 833-ஆம் பிரிவுப்படி, வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் நாய் விளைவித்த சேதத்துக்கு, உரிமையாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் அவர் பொறுப்பு. ஓட்டியவரின் வேகமும் காரணமாக இருந்தால் இழப்பீடு குறையலாம். சட்டமும் கடைசியில் நான் சொன்ன அந்த இரண்டு அளவுகளைத்தான், கயிற்றையும் வேகத்தையும்தான், மாற்றி மாற்றிக் கேட்கிறது.

பாதை போடுகிறவர்கள் மீதும் கொஞ்சம் பழி உண்டு. குப்பைத் தொட்டி, பெஞ்சு, விளக்குக் கம்பம் எல்லாம் நாய்களுக்கு நிறுத்தம். அவற்றைச் சைக்கிள் பக்கத்தில் நட்டுவிட்டு, நாய்கள் சைக்கிள் பக்கம் போகின்றன என்று அறிவிப்புப் பலகை வைத்துப் பயனில்லை. பாதையின் ஓரத்தில் ஒரு மீட்டர் புல்தரை விட்டால் நாய் தானாகவே அங்கே இறங்கிவிடும். வளைவில் புதர் வளரவிட்டால் மேலே போட்ட 15 மீட்டர் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். நடுவில் போடும் வெள்ளைக் கோட்டின்மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கை குறைவு. நாய் அதைப் படிக்காது, ஆனால் சைக்கிள்காரர் படிப்பார். இது என் பக்கம் என்ற தைரியத்தில் வேகம் கூட்டுவார். மேலே சொன்ன 2020 வழிகாட்டியே நகரத் தெருக்களில் சைக்கிளையும் நடப்பவர்களையும் கலக்காமல் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறது. பிரிக்க இடமில்லாத ஊர்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இருட்டில் இது எல்லாமே இன்னும் சிக்கலாகிறது. கறுப்பு நாய், கறுப்புக் கயிறு, விளக்கில்லாத பாதை. கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன விளக்கு மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அதன் கண் சைக்கிள் விளக்கில் மின்னும். நாய் நம்மைப் பார்த்தால்தானே மின்னும், கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்? ஓட்டுபவர் விளக்கைத் தரையை நோக்கிச் சற்றே தாழ்த்தி வைத்தால் எதிரில் நடப்பவர் கண் கூசாது, கயிறும் தெரியும். கண் பார்வையற்றவர்களோடு வரும் வழிகாட்டி நாய் என்றால் ஒரு விதிதான்: குரலால் சொல்லிவிட்டு, மெதுவாக, தள்ளிப் போங்கள், முடியாவிட்டால் நின்று அவர்களைப் போகவிடுங்கள்.

உண்மையிலேயே ஒரு நாய் துரத்தினால்? வேகமாக மிதித்துத் தப்பிப்பது எல்லாருக்கும் தோன்றும். இறக்கத்தில் அது பலிக்கலாம். ஆனால் பாய்ந்து ஓடும் நாயின் வேகம் சாதாரண சைக்கிள் வேகத்தைவிடக் குறைவில்லை, போதாததற்குத் துரத்தல் இன்னும் சுவையாகிவிடும். காலால் உதைக்கப் போனால் சமநிலை போகும். பல நேரம் பலன் தருவது நின்றுவிடுவதுதான். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், உரிமையாளர் வரும்வரை நில்லுங்கள். ஓடாத சைக்கிளில் துரத்த ஒன்றுமில்லை, முக்கால்வாசி நாய்களுக்கு அங்கேயே ஆர்வம் வடிந்துவிடும். கடித்துவிட்டால் உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நாய் வீட்டு நாயா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு.

நாய் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, நேரம்தான் பிடிக்கும். துரத்தும் நாயைத் திட்டுவதால் பயன் குறைவு. சைக்கிள் வந்தால் திட்டு விழும் என்று கற்றுக்கொண்டு சைக்கிளை இன்னும் வெறுக்கும். மாறாக, தொலைவில் ஆரம்பிக்க வேண்டும். நாய் சைக்கிளைப் பார்க்கிறது, ஆனால் இன்னும் பதறவில்லை என்ற தூரம் ஒன்று இருக்கும். எங்கள் நாய்க்கு அது நாற்பது மீட்டர். அங்கே நின்றுகொண்டு, சைக்கிள் கண்ணில் பட்டதும் அதற்குப் பிடித்த தின்பண்டம் ஒரு துணுக்கு. சைக்கிள் மறைந்ததும் தீனியும் நின்றுவிடும். முதலில் நிறுத்திவைத்த சைக்கிள், அப்புறம் உருட்டிக்கொண்டு வரும் சைக்கிள், அப்புறம் மெதுவாக ஓட்டிவரும் சைக்கிள். தூரத்தை வாரக்கணக்கில்தான் குறைக்க முடியும். அவசரப்பட்டு ஒரு நாளில் பத்து மீட்டருக்குப் போய், மறுநாள் பழையபடி ஆரம்பித்த அனுபவமும் எனக்கு உண்டு.

மணிச் சத்தத்தையும் இப்படியே பழக்கலாம். தீனியோடு சேர்த்துப் பழக்கிய சத்தத்துக்கே நாய் எச்சில் வடிக்கும் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் என்றதும் எல்லாருக்கும் மணியும் எச்சில் வடிக்கும் நாயும்தான் நினைவுக்கு வரும். அவர் தாளம் தட்டும் மெட்ரோனோமையும் வேறு கருவிகளையும்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார், 1904-இல் நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆராய்ச்சிக்கு. ஆனாலும் அந்த மணிக்கதை இங்கே அப்படியே பொருந்துகிறது. பழைய சைக்கிள் மணி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஒருமுறை அடிப்பேன். நாய் என் இடது காலோரம் வந்து நின்றால் தீனி. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. மூன்றாவது வாரம் தோட்டத்தில். ஆறாவது வாரம் பாதையில், பின்னால் வந்த யாரோ ஒருவர் உண்மையிலேயே மணி அடித்தார். நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கும் முன்பே நாய் கம்பத்தை விட்டுவிட்டு என் காலடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தது. அந்த சைக்கிள்காரர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். முன்னால் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

இப்போது இருக்கும் ஒரே தொல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் மணி இருக்கிறது. சாயங்காலம் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் நாய் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து என் இடது காலோரம் நின்று, தீனி எங்கே என்று பார்க்கிறது.